மீ வாங்காத வீடு

எங்கள் வீட்டில் மீகூன் பிரட்டுவோம். மீ வாங்க மாட்டோம். தோட்டத்தில் இருந்தபோதும் சரி, சுங்கை பட்டாணியில் தாமான் வீட்டுக்கு வந்த பிறகும் சரி, பசாரில் மஞ்சள் மீயைக் குவித்து வைத்திருக்கும் கடையைத் தாண்டி அம்மா நேராக மீகூன் பாக்கெட்டுக்குத்தான் போவார். இது ருசி சம்பந்தப்பட்ட விஷயம் என்றே 28 வயதுவரை நினைத்திருந்தேன். சில வீடுகளில் பாகற்காய் வாங்க மாட்டார்கள் அல்லவா, அதுபோல. வெளியில் எல்லாரும் சாப்பிடுவோம். பள்ளிக் கேண்டினில் மீ கோரெங் சாப்பிட்டிருக்கிறேன். பெர்லிஸில் இன்ஜினியரிங் படித்த நான்கு ஆண்டும் இரவுச் சாப்பாடு பெரும்பாலும் மாமாக் கடை மீ கோரெங்தான். வீட்டுக்குள் மட்டும் அது வராது.

காரணம் போன டிசம்பரில்தான் தெரிந்தது. அதுவும் ஒரு சீன உணவகத்தில் உட்கார்ந்திருந்தபோது.

பாட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அப்பாவின் அம்மா. பிறப்பால் சீனர். பீடோங்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தமிழ்க் குடும்பம் அவரைக் கைக்குழந்தையாக வாங்கி வளர்த்தது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தார். அவருக்குத் தெரிந்த மொழி தமிழ், அதற்குமேல் கடையில் பேரம் பேசுமளவுக்கு மலாய். சீனம் ஒரு சொல் தெரியாது. மூக்குத்தி, வாயில் வெற்றிலை, ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ், எதிலும் குறை கிடையாது. மலேசியத் தமிழர்களில் பலருக்கும் இப்படி ஒரு பாட்டியையோ அத்தையையோ தெரிந்திருக்கும் என்பதால் இதை ஓர் அதிசயமாகச் சொல்லவில்லை. பண்டிகைக் காலத்தில் டிவியில் வரும் ஒற்றுமை விளம்பரப் படங்களுக்குப் பாட்டி மிகவும் பொருத்தமானவர் என்று கல்லூரி நண்பன் ஒருவன் ஒருமுறை சொன்னான். எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. தோட்டத்தில் அவருக்கு இருந்த பெயர் 'சீனத்தி'. அப்பா 'சீனத்தி மவன்'. அந்த விளம்பரங்களில் இதெல்லாம் வராது.

பாட்டிக்குக் கண்புரை அறுவை முடிந்து பார்வை தெளிந்திருந்தது. எனக்கு போனஸ் வந்திருந்தது. கூலிமில் ஒரு சில்லுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். போனஸ் என்றால் பெரிய தொகை இல்லை, ஆனால் ஐந்து பேர் ஒரு வேளை வெளியில் உட்கார்ந்து சாப்பிடலாம். "பாட்டிய ஒரு தடவ நல்ல சீனக் கடைக்குக் கூட்டிட்டுப் போலாம்ணா" என்று தங்கைதான் ஆரம்பித்தாள். அவள் மனதில் இருந்தது எனக்குப் புரிந்தது. என் மனதிலும் அதுதான் இருந்தது. பாட்டிக்கு அவருடைய சாப்பாட்டை ஒருமுறையாவது முன்னால் வைக்க வேண்டும். இப்போது யோசித்தால் கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் இருக்கிறது.

அப்பாவுக்கு விருப்பமில்லை. லாரி ஓட்டிக் களைத்து வந்தவர், "நம்ம கடையிலயே சாப்பிடலாமே லா" என்றார். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையைச் சொல்கிறார். அம்மாவுக்கு வேறு கவலை. பன்றி பற்றி அல்ல. தோட்டத்தில் காட்டுப்பன்றி சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான் நாங்கள். "மாடு போடுவானுங்களா?" அதுதான் கேள்வி. லாமியன் கடைகளில் மாட்டெலும்பு சூப் வைப்பது உண்டு என்பதால் அந்தக் கேள்வி நியாயமானதுதான். கோழி சூப் தனியாக இருக்கிறது என்று போன் செய்து உறுதிப்படுத்திய பிறகே அம்மா சேலை மாற்றினார்.

கடையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் இளைஞன் மாவை இழுத்துக்கொண்டிருந்தான். இழுப்பான், மடிப்பான், மறுபடி இழுப்பான். ஒவ்வொரு மடிப்புக்கும் இழை இரட்டிப்பாகும். எட்டு மடிப்பில் 256 இழை. நான் இதைச் சொன்னபோது யாரும் கேட்கவில்லை. பாட்டி மட்டும் கண்ணாடிக்கு அருகில் போய் நின்று, "ரொட்டி சானாய் வீசுறவன் மாதிரில்ல இருக்கு" என்றார். அவன் சிரித்தான். பிறகு பார்த்தால் அவன் மியன்மார்க்காரன்.

முதலில் வந்தவை மூங்கில் கூடையில் சியாவ்லொங்பாவும், தட்டில் சியாவ்சியும். சியாவ்லொங்பாவுக்குள் சூப் இருக்கும். திரவத்தை மாவுக்குள் எப்படி மடித்தார்கள் என்று தங்கை கேட்டாள். எனக்கு இதைச் சொல்லப் பிடிக்கும். பன்றித் தோலையும் எலும்பையும் நீண்ட நேரம் கொதிக்க வைத்து ஆறவிட்டால் சூப் கட்டியாகிவிடும். கட்டியான சூப்பை நறுக்கி இறைச்சியோடு கலந்து மடிப்பார்கள். ஆவியில் வேகும்போது உள்ளே அது மறுபடி உருகும். "மோதகம்தானே, உள்ள பூரணத்துக்குப் பதிலா ரசம்" என்றார் அம்மா. பாட்டி சியாவ்சி ஒன்றை விரலால் எடுத்து ஓரத்து மடிப்பை ஆராய்ந்தார். தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் நூற்றுக்கணக்கில் கறிபாப் மடித்த கை அது. "மடிப்பு சரியில்ல. எண்ணெய்ல போட்டா விட்டுப்போயிரும்" என்றார். அவித்ததுதான் பாட்டி, எண்ணெய் இல்லை என்று தங்கை சொன்னாள். "அதான் தப்பிச்சுச்சு."

எங்கள் பிரிவில் வேலை செய்யும் பினாங்குச் சீன நண்பனிடம் பிறகு இதைச் சொன்னேன். அவன் கேட்டுவிட்டுச் சிரித்தான். அவன் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. சியாவ்சி வடசீனத்துச் சாப்பாடு. அங்கே புத்தாண்டுக்கு முந்தைய இரவு குடும்பமே உட்கார்ந்து மடிப்பார்கள். சியாவ்லொங்பாவ் ஷாங்ஹாய் பக்கத்தது. லாமியனும் வடக்கு. கெடாவுக்கும் பினாங்குக்கும் வந்த சீனர்களோ பெரும்பாலும் தெற்கே புஜியான், குவாங்டோங் கரையோரத்து ஹொக்கியன், தியோச்சு, ஹாக்கா மக்கள். "என் பாட்டியே சியாவ்சியை மால் வந்த பிறகுதான் சாப்பிட்டது" என்றான் நண்பன். பாட்டிக்கு அவருடைய சாப்பாடு என்று நாங்கள் கொண்டுபோய் வைத்தது, தஞ்சாவூர்க்காரரிடம் உங்கள் ஊர் உணவு என்று சோளே பட்டூராவை நீட்டியதைப் போலத்தான். அவரைப் பெற்றவர்களின் சாப்பாடு என்று ஏதாவது உண்டென்றால், அது பசாரில் அம்மா தாண்டிப் போகும் அந்த மஞ்சள் மீயாகத்தான் இருந்திருக்கும். காரநீர் விட்டுப் பிசைவதால் மஞ்சளாகிற ஹொக்கியன் மீ. 'மீ' என்பதே ஹொக்கியன் சொல்தான். அதைத் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள் எடுத்து, சம்பலும் உருளைக்கிழங்கும் போட்டுப் பிரட்டித்தான் மாமாக் மீ உண்டானது. எல்லார் வாயிலும் ஓடியாடிய சாப்பாடு எங்கள் வீட்டு வாசலில் மட்டும் நின்றிருக்கிறது.

லாமியன் வந்ததும் எல்லாரும் குச்சியோடு மல்லுக்கட்டினோம். பாட்டிக்கு முள்கரண்டி கேட்டு வாங்கினோம். ஒரு வாய் எடுத்தவர் அப்படியே வைத்துவிட்டார்.

"சூடா இருக்கா அத்தை?"

"இல்லம்மா. ஆத்தா நெனப்பு வந்திருச்சி."

ஆத்தா என்றால் அவரை வளர்த்த அம்மா. பாட்டி சொன்னதை இங்கே சுருக்கித்தான் எழுத முடிகிறது. அவர் சொல்ல நிறைய நேரம் ஆனது. நடுவில் சூப் ஆறிப்போனது.

பாட்டிக்கு ஆறோ ஏழோ வயது. சம்பள நாள். ஆத்தாவோடு பீடோங் கடைத்தெருவுக்கு வந்திருக்கிறார். ஆத்தா துணிக்கடைக்குள் இருந்தபோது வாசலில் நின்ற பிள்ளையை, தள்ளுவண்டியில் மீ விற்ற சீனர் ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏதோ கேட்டார். புரியவில்லை. சின்ன மங்கில் கொஞ்சம் மீயைப் போட்டுக் கையில் கொடுத்தார். காசு கேட்கவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார். ஆத்தா வெளியே வந்தார், பார்த்தார், மங்கைத் தட்டிவிட்டார். மீ லொங்கானில் விழுந்தது. அடிக்கவில்லை, திட்டவில்லை. தோட்டத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்திருக்கிறார். லயத்துக்கு வந்ததும் தாத்தாவிடம், அதாவது பாட்டியை வளர்த்த அப்பாவிடம், இனி இந்த வீட்டுக்குள் மீ வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"அதச் சாப்பிட்டா அவுங்க நாக்கு வந்துரும், நான் போயிருவேன்னு அதுக்குப் பயம்" என்றார் பாட்டி.

மீகூன் பரவாயில்லையா என்று கேட்டேன். "அது அரிசி லா. இடியாப்பம் மாதிரிதான. ஆத்தாவே பிரட்டும்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். 1994-இல் மருமகளாக வந்தபோது 'இந்த வீட்ல மீ வாங்க மாட்டோம்' என்று மட்டும்தான் அவரிடம் சொல்லப்பட்டது. சாமி விஷயமாக இருக்கும் என்று அம்மாவே முடிவு செய்துகொண்டு முப்பது வருடம் கடைப்பிடித்திருக்கிறார். "முப்பது வருசமா இதுக்கா அத்தை? ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல!" ஆத்தா இறந்தது 1988-இல். அதற்குப் பிறகாவது வாங்கியிருக்கலாமே என்று தங்கை கேட்டாள்.

பாட்டி உடனே பதில் சொன்னார். "ஆத்தா செத்த பெறகு வாங்குனா, அது எப்படா சாவும்னு காத்துக்கிட்டிருந்த மாதிரி ஆயிராது?"

அப்பா ஒன்றும் பேசவில்லை. அவருக்கு இது முன்பே தெரியும் என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. சியாவ்சித் தட்டைப் பாட்டி பக்கமாக நகர்த்தி வைத்தார்.

நான் ஒன்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாதோ என்று இப்போதும் நினைக்கிறேன். அந்த மீக்காரர் யார் என்று பாட்டிக்குச் சந்தேகம் எதுவும் உண்டா? "யாரோ ஒரு மனுசன். சீனப் புள்ள தமிழாளு வூட்ல நிக்கிதேன்னு பாத்துருப்பான். பசிக்கிதுன்னு நெனச்சிருப்பான்." அதோடு அந்தப் பேச்சை நிறுத்திவிட்டார்.

தங்கை விடவில்லை. உண்மையான பிறந்தநாள் என்ன என்று கேட்டாள். ஐசியில் இருக்கும் தேதி, பன்னிரண்டு வயதில் கார்டு எடுக்கப் போனபோது தோட்டத்துக் கிராணி ஆளைப் பார்த்து எழுதிக் கொடுத்தது என்று எங்களுக்குத் தெரியும். அதில் 1952. "தேதியெல்லாம் தெரியாது. புலி வருசத்துல பொறந்த பொட்டப்புள்ள, வூட்டுக்கு ஆவாதுன்னு குடுத்தாங்கன்னு ஆத்தா சொல்லும்."

தங்கை போனில் தேடினாள். புலி ஆண்டு 1950. 1952 டிராகன் ஆண்டு. சீனர்கள் தேடிப் பிள்ளை பெற்றுக்கொள்ளும் ஆண்டு அது. டிராகன் பிள்ளையை யாரும் அந்தக் காரணத்துக்காகக் கொடுத்திருக்க மாட்டார்கள். கிராணியின் பேனா பாட்டியைப் புலியிலிருந்து டிராகனாக மாற்றியிருக்கிறது. பாட்டி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். 55 வயது முடிந்து இபிஎஃப் பணத்தை எடுத்தது 2007-இல். நியாயமாக 2005-இல் எடுத்திருக்க வேண்டும்.

"அப்ப ரெண்டு வருசம் சும்மா மரம் வெட்டிருக்கேன்" என்றார்.

அப்பா அன்று முதல்முறையாகச் சிரித்தார். நாங்கள் எல்லாருமே சிரித்தோம், பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

வீட்டுக்கு வந்த பிறகு 1950 என்னை விடவில்லை. அவசரகாலம் 1948 ஜூனில் தொடங்கி 1960 ஜூலையில்தான் முடிந்தது. 1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரத்திலும் ஈயக்குட்டை ஓரத்திலும் குடியிருந்த சுமார் 5 லட்சம் பேரைப் பெயர்த்து, கம்பிவேலி போட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றினார்கள். பெரும்பாலோர் சீனர். தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றாக்கி வேலி போட்டார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளைப் பட்டினி போடுவதுதான் திட்டம். அரிசி அளந்து கொடுத்தார்கள். டின் உணவு விற்றால் கடைக்காரர் அங்கேயே துளை போட்டுக் கொடுக்க வேண்டும், சேமித்து வைத்துக் காட்டுக்கு அனுப்ப முடியாதபடி. வேலைக்காட்டுக்குப் போகும்போது வாயிலில் சோதனை, சோறு கொண்டுபோகத் தடை. வேலியைத் தாண்டி ஒரு பிடி சோறு போகக் கூடாது என்றிருந்த அந்த நாட்களில், ஒரு பிள்ளை வேலிகளைத் தாண்டி எங்கள் லயத்துக்கு வந்திருக்கிறது. கொடுத்தவர்களுக்குப் புலி ஒரு காரணம், பெண் என்பது ஒரு காரணம். இடம்பெயரும் குடும்பத்தில் இன்னொரு வாய் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இது என் ஊகம்தான். ஆத்தா பத்து வெள்ளி அங்பாவ் கொடுத்தாராம், பால்காசு என்று. தத்தெடுப்புச் சட்டங்கள் வந்ததே 1952-இல். கையெழுத்துப் போட்ட தாள் எதுவும் எங்கள் வீட்டில் இல்லை. ஆத்தாவின் பயம் இப்போது எனக்குக் கொஞ்சம் புரிகிறது. பிள்ளை தன்னுடையது என்று காட்ட அவரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. பிள்ளையின் முகமோ வேறு யாருடையதோ. பெற்றவர்கள் எந்த நாளும் வந்து நிற்கலாம்.

அன்று காசு கட்டும்போது இன்னொன்று நடந்தது. கல்லாவில் இருந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து, அறுபது வயது இருக்கும். முதலாளியின் அக்காவாம். பாட்டியைப் பார்த்து, "அ-மா" என்றார். ஹொக்கியனில் பாட்டி என்று அர்த்தம். பாட்டிக்கு அது 'அம்மா' என்று காதில் விழுந்தது. "என்னம்மா?" என்றார். அவர் ஹொக்கியனில் மளமளவென்று ஏதோ பேச, பாட்டி கையை ஆட்டினார். "சயா தா தாவு சினா. சயா ஓராங் இந்தியா."

அந்த அம்மாள் பாட்டியின் மூக்குத்தியையும் புடவையையும் இன்னொரு முறை பார்த்தார். பிறகு மலாயில் மெதுவாகக் கேட்டார். "டுலு கெனா பாகி ஓராங் கா?" முன்னே உங்களை யாருக்கோ கொடுத்துவிட்டார்களா?

பாட்டி தலையாட்டினார்.

தங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளையைக் கொடுத்தார்கள் என்றார் அவர். அவருக்கு மூத்த அக்கா. அதுவும் புலி. ஏதோ ஓர் எஸ்டேட்டில் இந்தியர் குடும்பத்துக்கு. அவர் அம்மா சாகும்வரை அதைப் பற்றிப் பேசவில்லை, கடைசியில் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் சொல்லியிருக்கிறார். எந்தத் தோட்டம் என்று கேட்பதற்குள் போய்விட்டார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. தங்கை என் கையைப் பிடித்தாள். பாட்டி மட்டும் நிதானமாக இருந்தார். "தாவுன் பெராப்பா?" எந்த வருடம்?

"அறுபத்திரெண்டு."

பாட்டி எங்கள் பக்கம் திரும்பி, "அது வேற புலி" என்றார்.

பன்னிரண்டு வருடம் தள்ளி வந்த அடுத்த புலி. கணக்கு எனக்கு முன்னாலேயே அவருக்கு வந்துவிட்டது. கல்லாவில் இருந்தவர் மிச்சக் காசை என்னிடம் கொடுத்துவிட்டு, கல்லாவைச் சுற்றி வெளியே வந்து பாட்டியின் கையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டார். மீதமிருந்த சியாவ்சியை தாப்பாவ் கட்டிக் கொடுக்கும்போது எங்கள் பொட்டலத்தில் ஆறு கூடுதலாக இருந்தது. அடுத்த நாள் காலை பாட்டி அவற்றை நல்லெண்ணெயில் வறுத்து, மிளகாய்ப் பொடி தூவி எங்களுக்குப் பசியாறக் கொடுத்தார். மடிப்பு எதுவும் விட்டுப்போகவில்லை.

தங்கை டிஎன்ஏ சோதனை பற்றிப் பேசினாள். பாட்டி, "எதுக்கு?" என்றார். பதிவு இலாகாவில் வயதைத் திருத்தலாம் என்று நான் சொன்னதற்கும் அதே பதில். ஆனால் இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை கோயிலில் இருந்து வரும்போது அம்மா ஒரு செய்தி கொண்டுவந்தார். பாட்டி, பழைய தோட்டத்து ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம், உங்களுக்குத் தெரிந்து அறுபத்திரெண்டில் பிறந்த சீனப் பிள்ளை யாராவது நம் வீடுகளில் வளர்ந்ததா என்று விசாரிக்கிறாராம்.

இதுவரை இரண்டு பேர் கிடைத்திருக்கிறார்கள். பாடாங் செராயில் ஒருவர். அவர் ஐசியில் 1958, ஆனால் அந்தத் தேதியையும் ஒரு கிராணிதான் எழுதியிருப்பார் என்று பாட்டி நம்பவில்லை. லூனாஸில் இன்னொருவர்; அவர் இதைப் பற்றிப் பேசப் பிரியமில்லை என்று சொல்லியனுப்பிவிட்டார். பாட்டி அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம் செமிலிங்கில் ஒரு கல்யாணம் இருக்கிறது, பழைய ஆட்கள் வருவார்கள், என்னைக் கார் எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

மீ இன்னும் வாங்கவில்லை.